யாரும் கூப்பிடாத ஓர் இடம்: நூலகமா, பூங்காவா, கல்லறைத் தோட்டமா?

அப்பா படுக்கையில் இருந்த அந்த எட்டு மாதங்களில் எனக்கென்று வாய்த்த ஒரே இடம், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த எங்கள் கார்தான். வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கும். பார்க்க வருபவர்கள், செவிலியர், மருந்து கொண்டு வருபவர், நலம் விசாரிக்கும் தொலைபேசி. இரவு ஒன்பதரைக்கு மேல் சாவியை எடுத்துக்கொண்டு இறங்குவேன். ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தால் எங்காவது கிளம்பவேண்டும் என்று தோன்றும். அதனால் பின்னிருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வேன். இருபது நிமிடம். ஒருநாள் தம்பி தேடி வந்து கண்ணாடியைத் தட்டினான். "அக்கா, இங்க என்ன பண்ற?" "சும்மாதான்டா" என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ஒன்பதரைக்கு அவன் அப்பாவின் அறையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்தக் கார் அமைதியான இடமே இல்லை. தலைக்கு மேல் சாலை, பக்கத்தில் தண்ணீர் மோட்டார், அவ்வப்போது யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் பீப் சத்தம். இருந்தாலும் அந்த இருபது நிமிடம் என்னைத் தூக்கி நிறுத்தியது. ஏன் என்று வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. நகரத்தில் "கொஞ்சம் அமைதியான இடம் வேண்டும்" என்று சொல்லும்போது இரண்டு வேறு வேறு தேவைகளை ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். ஒன்று, காதுக்கு ஓய்வு. மற்றொன்று, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத நேரம். எனக்கு அப்போது தேவைப்பட்டது இரண்டாவது. அதைக் கொடுக்க ஓர் இரும்புப் பெட்டியும் நான்கு கதவுகளும் போதுமாக இருந்தன.

எந்த இடத்துக்குப் போகலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், உங்களுக்குக் குறைவாக இருப்பது இவற்றில் எது என்று பாருங்கள். வீட்டில் எல்லாரும் வெளியே போயிருந்த ஏதாவது ஒரு மதியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பள்ளம் தோண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தும் மனசு லேசாக இருந்ததென்றால், உங்களுக்கு வேண்டியது ஆளில்லாமை. ஆளே இல்லாதபோதும் அந்தச் சத்தம் மண்டையைக் குடைந்ததென்றால், வேண்டியது சத்தமில்லாமை. இதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்புகிறவர்கள்தான் ஒரு மணி நேரம் பயணம் செய்து நகரின் பெரிய பூங்காவுக்குப் போய், போன களைப்போடு திரும்பி வருகிறார்கள்.

காதுக்கு ஓய்வு தேடுகிறவர்களுக்கு ஒலியின் கணக்கு கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. வண்டிகள் வரிசையாக ஓடும் சாலையிலிருந்து நாம் நிற்கும் தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 3 டெசிபல்தான் குறைகிறது. சத்தம் பாதியாகிவிட்டது என்று காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். அதாவது சாலையிலிருந்து 10 மீட்டரில் நின்றவர் 100 மீட்டருக்குப் போனால்தான் அந்த வித்தியாசம் தெரியும். இடையில் ஒரு கட்டடம் வந்துவிட்டாலோ, அதே 10 டெசிபல் ஒரே ஒரு திருப்பத்தில் கிடைத்துவிடும். எனவே சாலையிலிருந்து விலகிப் போவதைவிட, எதன் பின்னாலாவது போவது மேல். பழைய கட்டடங்களின் நடுமுற்றங்கள், கல்லூரிகளின் உள்வளாகங்கள், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிய நடைபாதைகள் எல்லாம் இதனால்தான் எதிர்பாராத அமைதியோடு இருக்கின்றன. ஒற்றை வரிசை மரங்கள் ஒலியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. சாலை கண்ணில் படாததால் சத்தம் குறைந்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். அந்தத் தோற்றத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பிய வட்டாரத்துக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், சாலைப் போக்குவரத்தின் சத்தம் நாள் முழுவதுக்குமான சராசரியில் 53 டெசிபலுக்குக் கீழேயும், இரவில் 45 டெசிபலுக்குக் கீழேயும் இருக்கவேண்டும் என்று பரிந்துரைக்கிறது. கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டால் இதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் ஒரே கைபேசியால் இரண்டு இடங்களை அளந்து எது மேல் என்று பார்க்க அது போதும். எங்கள் நூலகத்தின் முன்கூடத்துக்கும் பின்பக்க அலமாரி வரிசைக்கும் நடுவே 12 டெசிபல் வித்தியாசம் இருப்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். நாற்பது அடி தூரம்கூட இருக்காது.

சரி, நூலகத்திலிருந்தே தொடங்கலாம். ஒப்பிட்டுப் பார்த்தவற்றில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். சத்தம் குறைவு என்பது மட்டும் காரணமில்லை. ஒருவர் மணிக்கணக்கில் தனியாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் கேட்காத இடங்கள் நகரத்தில் மிகச் சிலவே இருக்கின்றன. பூங்கா பெஞ்சில் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் மாலை வரை இருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் யாரும் உங்களிடம் வரப்போவதில்லை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் இப்படிப்பட்ட நாகரிகத்துக்கு ஒரு பெயரே வைத்தார்: மரியாதையோடு கவனிக்காமல் இருத்தல். ஒருவரை ஒருவர் பார்த்தோம் என்று கண்ணால் ஒப்புக்கொண்டு, உடனே பார்வையை விலக்கிக்கொள்வது. நகரத்தில் அந்நியர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் மிகப் பெரிய உபகாரம் அது என்றே நினைக்கிறேன். நூலகத்தில் அது எழுதாத சட்டமாக இருக்கிறது.

எங்கே உட்காருவது என்பது முக்கியம். செய்தித்தாள் பகுதி, கணினிப் பகுதி, நுழைவாயிலை ஒட்டிய மேசைகள் மூன்றும் வேண்டாம். மாடிக்கு ஏறுங்கள். யாரும் அடிக்கடி தேடி வராத துறைகளின் அலமாரிகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒற்றை நாற்காலி ஒன்று கிடக்கும். என்னுடையது பழைய அரசிதழ் தொகுப்புகளுக்குப் பின்னால் இருந்தது. புத்தகங்களே நல்ல ஒலி உறிஞ்சிகள். அலமாரி வரிசைக்குள் நுழைந்ததும் நம் செருப்புச் சத்தமே அடங்கிப்போவதைக் கவனிக்கலாம். தேர்வுக் காலத்தில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். அந்த மாதங்களில் வேறு இடம் பார்ப்பதுதான் சரி. அப்புறம், நூலகத்தில் அழ முடியாது. அதற்கு வேறு இடம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பூங்காவைப் பற்றி எல்லாருக்கும் ஓர் அழகான கற்பனை இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் போனால் நடைப்பயிற்சிக்காரர்கள், மாலையில் குழந்தைகள், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே. நல்ல நேரம் வார நாள் முற்பகல் பதினொன்று அல்லது லேசாகத் தூறிய பிறகு. எத்தனை பேருக்கு அந்த நேரத்தில் ஓய்வு கிடைக்கும்? ஆனாலும் பூங்கா தருகிற ஒன்றை நூலகம் தராது. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர்கள், ஒரே வேலையில் கவனத்தைக் குவித்துக் களைத்த மனம் எப்படித் தேறுகிறது என்று ஆராய்ந்தார்கள். இலையசைவு, மேகம், நீரின் மேல் வெளிச்சம் போன்றவை கவனத்தைப் பிடித்து இழுக்காமல் மெதுவாகத் தாங்கிக்கொள்கின்றன, அந்த மென்மையான ஈர்ப்பில்தான் களைத்த கவனம் மீள்கிறது என்பது அவர்கள் சொன்னது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரிகிறவர் நூலகத்துக்குப் போய் மறுபடியும் எழுத்துகளுக்கு நடுவே உட்காருவதில் பொருளில்லை. அவர் மரத்தடிக்குத்தான் போகவேண்டும்.

பூங்காவில் இடம் பிடிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. ஜே ஆப்பிள்டன் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் 1975-ல் முன்வைத்த ஒரு கருத்து: நாம் பார்க்க முடிந்து, நம்மை எளிதில் பார்க்க முடியாத இடங்களே மனிதருக்குப் பிடித்திருக்கின்றன. முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரோ புதரோ பருத்த மரமோ இருக்கட்டும். எதிரே வெட்டவெளி இருக்கட்டும். நடைபாதை முதுகுப் பக்கமாகப் போகும் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒவ்வொரு காலடிக்கும் தோள் இறுகும். இரண்டு பெஞ்சிலும் பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், உடம்பே சொல்லும்.

பெரிய பூங்காதான் வேண்டும் என்றில்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1967-ல் திறந்த பேலி பார்க் ஏறத்தாழ 390 சதுர மீட்டர்தான். மூன்று பக்கமும் உயரமான சுவர். பின்சுவர் முழுவதும் 20 அடி உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. நகரத்தின் நெரிசலான பகுதிகளில் ஒன்று அது. அந்த அருவியே சத்தமானது. அளந்தால் எண் குறைவாக வராது. ஆனால் ஹார்ன், பிரேக், யாரோ கத்திப் பேசுவது எல்லாவற்றையும் அந்த ஒரே சீரான இரைச்சல் விழுங்கிக்கொள்கிறது. நம்மை உலுக்குவது சத்தத்தின் அளவு மட்டுமில்லை, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதும்தான். எந்த நகரத்திலும் ஒரு செயற்கை நீரூற்றோ, மதகோ, அலையடிக்கும் கரையோ இருந்தால் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்கலாம். சத்தமில்லாமைக்கு நிகரான ஒன்று அங்கே கிடைக்கிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்காது. நாம் முணுமுணுப்பதும் அழுவதும் அவருக்குக் கேட்காது.

அழுவதற்கான இடம் என்றால் நான் கல்லறைத் தோட்டத்தைச் சொல்வேன். பலருக்கு இது சங்கடமாக இருக்கும், தெரியும். ஆனால் வரலாறு வேறு மாதிரி. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் 1831-ல் உருவான மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டம் மரங்களும் குளங்களும் வளைந்த பாதைகளும் கொண்டு அமைக்கப்பட்டது. நகரத்தின் நெரிசலிலிருந்து தப்பிக்க மக்கள் அங்கே உலாவப் போனார்கள். அந்த நாட்டின் பெரிய நகரப் பூங்காக்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. அவற்றுக்கு இத்தகைய தோட்டங்கள் முன்மாதிரியாகவும் இருந்தன. கல்லறைத் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் வந்து பேச்சுக் கொடுப்பதில்லை. கண் சிவந்திருந்தால் ஏன் என்று கேட்பதில்லை. அங்கே துக்கம் இயல்பான உடை. ஒரே நிபந்தனை, அடக்கம் நடக்கும் வேளையில் விலகி நிற்கவேண்டும், யாருடைய இடத்திலும் காலை நீட்டி உட்காரக்கூடாது. இருட்டுவதற்குள் திரும்பிவிடவும் வேண்டும். அதற்குக் காரணம் இறந்தவர்கள் இல்லை.

இங்கே இதைச் சொல்லியாக வேண்டும். "ஆளே இல்லாத இடம்" என்பதை வெறும் வரமாகப் பேசுகிற கட்டுரைகளில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பெண்ணுக்கு, இளம்பிள்ளைக்கு, வயதானவருக்கு, முற்றிலும் ஆளில்லாத இடம் ஓய்வைத் தராது. அங்கே காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். நமக்குத் தேவை கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யாரோ இருக்கிற, ஆனால் யாரும் நம்மைக் கூப்பிடாத இடம். இந்த அளவுகோலில் நூலகமும் அருங்காட்சியகமும் வழிபாட்டிடங்களும் மேலே வரும். ஆற்றங்கரை, குன்று, ஒதுக்குப்புறமான பூங்கா மூலைகள் கீழே போகும். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகத்தான் வேண்டுமென்றால் எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். தனிமை அதனால் குறைந்துவிடாது.

வழிபாட்டிடங்கள் எந்த மதத்துடையதாக இருந்தாலும் சடங்கு நேரத்துக்கு வெளியே அனேகமாக நல்ல இடங்கள்தான். கனமான சுவர், உயர்ந்த கூரை, மங்கலான வெளிச்சம், பேசக்கூடாது என்ற பழக்கம். நம்பிக்கை இல்லாதவருக்கு அங்கே உட்கார ஒரு தயக்கம் இருக்கும். அதைப் புரிந்துகொண்டு அமைத்த அறைகளும் உலகத்தில் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் நியூயார்க் தலைமையகத்தில், பொதுச் செயலாளராக இருந்த டாக் ஹாமர்ஷோல்ட் 1957-ல் ஒரு மௌன அறையைத் தாமே முன்னின்று அமைத்தார். அதில் எந்த மதத்தின் சின்னமும் இல்லை. நடுவே ஆறரை டன் எடையுள்ள ஓர் இரும்புத்தாதுக் கட்டி, அதன் மேல் விழும் மெல்லிய வெளிச்சம், அவ்வளவே. அதைப் பின்பற்றி பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலின் ஒரு பக்கக் கட்டடத்தில் 1994-லிருந்து ஒரு மௌன அறை திறந்திருக்கிறது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியின் கூட்டம் மொய்க்கும் கடைவீதிச் சதுக்கத்தில் 2012-ல் மரத்தால் கட்டிய காம்ப்பி ஆலயம் நிற்கிறது. வாங்கிய பைகளோடு உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். இப்படி ஓர் அறை ஒவ்வொரு நகரத்தின் நடுவிலும் இருக்கவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். பல விமான நிலையங்களிலும் பெரிய மருத்துவமனைகளிலும் தியான அறை அல்லது பிரார்த்தனை அறை என்ற பெயரில் ஒன்று இருக்கும். பெயர்ப்பலகை சிறிதாக இருக்கும், விசாரித்தால் காட்டுவார்கள்.

அருங்காட்சியகம் நூலகத்துக்குத் தம்பி மாதிரி. புகழ்பெற்ற பொருள்கள் இருக்கும் கூடங்களை விட்டுவிட்டு நாணயங்கள், பானை ஓடுகள், பாறை மாதிரிகள் இருக்கும் மாடி அறைகளுக்குப் போனால் காவலரும் நாமும் மட்டும்தான். கால் வலித்தால் உட்கார இடம் குறைவு என்பது அதன் குறை.

காசு கொடுத்து உட்காரும் காபிக் கடைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கோப்பை காலியானதும் ஒரு பார்வை வரும். பக்கத்து மேசையில் யாராவது தொலைபேசியில் பேசினால் தொலைந்தோம். இரண்டு பேர் பேசிக்கொள்வதைவிட, ஒருவர் போனில் பேசும் பாதி உரையாடல்தான் பக்கத்தில் இருப்பவரின் கவனத்தை அதிகம் கெடுக்கிறது என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விடுபட்ட மறுபாதியை மூளை தானாகவே நிரப்பப் பார்க்கிறது.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்கிவிட்டால் எங்கும் போகவேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. விமான எஞ்சின், ஏசி, மின்விசிறி போன்ற தாழ்ந்த, சீரான இரைச்சலை அது நன்றாகக் குறைக்கும். மனிதக் குரலை, அதுவும் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரலை, அந்த அளவுக்குக் குறைக்காது. காதுக்கு ஓய்வு வேண்டியவருக்கு அது நல்ல முதலீடு. யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க நினைப்பவருக்கு அது உதவாது. வீட்டில் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் தோளைத் தட்டிக் கூப்பிடுவார்கள்.

இத்தனையும் ஒப்பிட்ட பிறகு எதைத் தேர்ந்தெடுப்பது? என் அனுபவத்தில் முடிவு செய்வது இடத்தின் தரம் இல்லை, தூரம். நடந்து பத்து நிமிடத்தில் போகக்கூடிய சுமாரான இடத்துக்கு வாரத்தில் நாலு நாள் போவோம். ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் அருமையான இடத்துக்கு மாதம் ஒருமுறை போனால் அதிகம். எனவே முதலில் வீட்டைச் சுற்றியும் வேலையிடத்தைச் சுற்றியும் பத்து நிமிட நடைக்குள் இருப்பதைப் பாருங்கள். அடுத்தது நேரம். ஓர் இடம் பிடிக்காமல் போனால் அதைக் கைவிடுவதற்கு முன்னால் வேறு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வார நாளில் நெரிபடும் அலுவலகப் பகுதி விடுமுறை நாளில் வெறிச்சோடிக் கிடக்கும். அங்கே இருக்கும் சின்னப் பூங்காவும் நிழல் படிந்த படிக்கட்டும் அன்று உங்களுடையவை. குடியிருப்புப் பகுதிக் கணக்கு இதற்கு நேர்மாறு. விடிவதற்கு முந்தைய நேரத்தைப் பலர் சொல்வார்கள். வண்டிகள் குறைவு, உண்மைதான். ஆனால் காற்றசைவு இல்லாத குளிர்ந்த அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்திருப்பதால் ஒலி மேலெழும்பிப் போகாமல் கீழே வளைந்து நெடுந்தூரம் வரும். பகலில் கேட்காத ரயில் அப்போது பக்கத்தில் ஓடுவதுபோல் கேட்பது அதனால்தான். எனக்கு அந்தத் தொலைதூர ரயில் பிடிக்கும். உங்களுக்குத் தூக்கம் கலையலாம்.

நான் இப்போது வைத்திருப்பது இரண்டு இடங்கள். வேலை நாளில் நூலகத்தின் அரசிதழ் மூலை. மனசு கனத்த நாளில் கல்லறைத் தோட்டத்தின் கிழக்குப் பக்கத்துக் கல் பெஞ்ச். ஒன்று பூட்டியிருந்தால் மற்றொன்று இருக்கிறது என்ற நிம்மதிக்காகவே இரண்டு வேண்டும்.

வெளியே போகவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். நோயாளியை விட்டு நகர முடியாதவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு நூலகத்தையும் அருவியையும் சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கான இடங்கள் சின்னவை: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல், லிஃப்ட் வந்த பிறகு யாரும் ஏறாத படிக்கட்டின் திருப்பம், நிறுத்திய காரின் பின்னிருக்கை. கார் என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, வெயில் படாத இடத்தில் மட்டும். இவர்களுக்குக் குறைவாக இருப்பது அமைதி இல்லை, விடுபட்டு வர ஒரு கால் மணி நேரம். அதை அவர்கள் தாங்களாகக் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நாளைக்கு ஒன்பதரைக்கு நீங்கள் போய் அந்த அறையில் உட்காருங்கள்.